ஒலிக்கதை சேனலில் தரம் நன்றாக இருந்தும் கேட்பவர்கள் இரண்டாவது நிமிடமே போய்விடுவது ஏன்?

கேள்வியைப் பார்த்ததும் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. நீங்களும் அநேகமாக நல்ல மைக் வாங்கியிருப்பீர்கள், பின்னணிக்கு இலவச இசை தேடிப் போட்டிருப்பீர்கள், "வணக்கம் நேயர்களே" என்று ஆரம்பிப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டு வருடமாக யூடியூபில் சொந்தக் கதைகள் சொல்லிவருகிறேன். ஸ்டுடியோ என்றால் படுக்கையறை பீரோதான். கதவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்குள் தலையை விட்டுப் பேசினால் எதிரொலி வராது. ஃபேனையும் நிறுத்த வேண்டும் என்பதால் ஒவ்வொரு கதைக்கும் ஒரு குளியல். மழை, இடி, வயலின் எல்லாம் சேர்த்துத்தான் போட்டேன். எத்தனை பேர் தொடர்ந்து கேட்கிறார்கள் என்று யூடியூப் காட்டும் கிராஃப் 40-வது நொடியில் படுத்துவிடும்.

ஒருநாள் மாமியார் என் கதையை ஓடவிட்டு, போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் எடுபடாது. நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த இடியைக் காணோம். வயலின் மட்டும் கொசு மாதிரி ரீங்காரமிட, என் பேச்சு அதற்கடியில் கிடந்தது. நான் ஹெட்போனில் கேட்டு மிக்ஸ் செய்ததை அவர் கீரையோடு கேட்கிறார்!

அடுத்த கதையன்று கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் சமையலறையிலேயே உட்கார்ந்து போனில் பேசிப் பதிந்தேன். வாடகை வீட்டைக் காலி செய்தவர்கள் விட்டுப்போன ஒரு நாயின் கதை. நடுவில் குக்கர் விசில். வெட்டச் சோம்பல்பட்டு அப்படியே போட்டேன். மறுநாள் ஒரு கமெண்ட்: "அக்கா, நாலு விசில் வந்துச்சு, பருப்பா? அந்த நாய்க்கு யாராவது சோறு வச்சாங்களா?" நாலாவது விசில் வந்தது 11-வது நிமிடத்தில்.

உடனே சவுண்ட் இன்ஜினியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல் தெளிவாகக் கேட்கத்தான் வேண்டும். மைக்கை ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள், 'ப' சொல்லும்போது மூச்சு மைக்கில் மோதி வெடிக்காது. ஆனால் மேடையில் ஏறியதுபோல் பேசாதீர்கள். வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொல்வார். பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது, ஜோக்கைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கவும் மாட்டார். எங்கள் அப்பாதான் ஷேவிங் சோப்பு நுரையோடு சிரிப்பார். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போலவே இருக்கும். இப்போது நான் "நேயர்களே"வை விட்டுவிட்டேன். கீரை ஆயும் ஒருவரை நினைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். பின்னணி இசை கதை முடிந்தபிறகுதான்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். குரல் நன்றாக இருக்கிறது என்று ஒரு விளம்பரக்காரர் கூப்பிட்டு மூன்று விளம்பரம் பேசவைத்தார். "ஜிபே பண்ணிடறேன் மேடம்" என்றார், அதோடு சரி. கடைவீதியில் போனால் என் குரலே "ஆடித் தள்ளுபடி!" என்று தவிலோடு கத்துகிறது. இந்த ஆடிக்கும் அதே பதிவைத்தான் ஓட்டுகிறார்கள்.