அமைதியா இருந்தாங்கன்னு யார் சொன்னது?

கேள்வி: காலனி காலத்துல பென்சில்வேனியாவுல குடியேறின ஜெர்மன்காரங்க அரசியல் பக்கமே போகாம அமைதியா விவசாயம் பண்ணிட்டு இருந்தாங்களாமே, அதனாலதான் அவங்களை யாரும் எதிர்க்கலையா சார்? - ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த "அமைதியா" மேல எனக்கு ரொம்ப நாளா கோபம். குடியேறினவங்க கதையை யார் எழுதினாலும் இது முதல் வரியிலேயே வந்து உக்காந்துக்குது. அமைதியா வந்தாங்க, உழைச்சாங்க, காடு திருத்தினாங்க, நல்லவங்க, அவ்வளவுதான். அவங்க போட்ட சண்டை, கேட்ட கேள்வி, அச்சடிச்ச பேப்பர் எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுட்டா மிச்சம் அமைதிதான் இருக்கும்.

விவசாயம்னு சொல்றீங்க. 1683 அக்டோபர்ல கன்கார்டு கப்பல்ல கிரெஃபெல்டு ஊர்லேர்ந்து வந்து எறங்கின 13 குடும்பத்துல நிறைய பேர் தறிக்காரங்க, லினன் நெய்யறவங்க. அவங்களுக்கு முன்னாடியே வந்து நிலத்துக்கு ஏற்பாடு பண்ணினவர் பாஸ்டோரியஸ்ங்கற வக்கீல். பிலடெல்பியா பக்கத்துல ஜெர்மன்டவுன் அப்படித்தான் உண்டாச்சு. வந்து அஞ்சே வருஷம், 1688ல அந்த ஊர்ல நாலு பேர், பாஸ்டோரியசும் சேர்த்து, அடிமை முறைக்கு எதிரா ஒரு மனு எழுதி கையெழுத்து போட்டு குவேக்கர்ங்கற கிறிஸ்தவ சபைக்கு அனுப்புறாங்க. ஐரோப்பாவுல மனசாட்சிக்காக எங்களை ஒடுக்கினாங்க, இங்க நிறத்துக்காக மனுஷனை ஒடுக்குறீங்களே, உங்களை பிடிச்சு வித்தா ஒத்துப்பீங்களான்னு கேட்டாங்க. அதுக்கும் மேல, இந்த அடிமைங்க நாளைக்கு திருப்பி சண்டை போட்டா, நீங்க அவங்களை அடக்கி வைக்க உங்களுக்கு இருக்கற உரிமை அளவுக்கு அவங்களுக்கு விடுதலைக்காக சண்டை போட உரிமை இல்லையான்னும் கேட்டாங்க. 1688ல! புதுசா வந்த ஊர்ல, வேற பாஷைக்காரன், ஊர்ப் பெரியவங்க மூஞ்சிக்கு நேரா கேட்டது இது. சபை அந்த மனுவை மாச கூட்டத்துலேர்ந்து காலாண்டு கூட்டம், அங்கேர்ந்து வருஷ கூட்டம்னு மேல மேல தள்ளி கடைசில முடிவு எடுக்காம விட்டுருச்சு.

அடுத்து அச்சு. ஒரு ஊரை அளக்க எனக்கு தெரிஞ்ச கோல் அங்க என்ன அச்சடிச்சாங்கங்கறதுதான். 1690ல ரிட்டன்ஹவுஸ் ஜெர்மன்டவுன் பக்கத்துல காகித ஆலை போட்டார், ஆங்கிலேய காலனிகள்ல அதுதான் முதல் ஆலை. 1739ல கிறிஸ்டோபர் சாவர் ஜெர்மன் பத்திரிகை ஆரம்பிச்சார், பிராங்க்ஃபர்ட்லேர்ந்து அச்செழுத்து வரவழைச்சு 1743ல ஜெர்மன் பைபிள் முழுசா அடிச்சார். அமெரிக்காவுல இங்கிலீஷ் பைபிள் அச்சாக 1782 ஆச்சு. அந்த சாவர் சும்மா பக்தி புஸ்தகம் மட்டும் போடல, கப்பல்ல ஜனங்களை அடைச்சு கொண்டாந்து கொல்றாங்கன்னு 1755ல கவர்னருக்கே கடிதம் எழுதினார். பயணக் கூலி கட்ட முடியாதவங்களை கப்பல்லயே வெச்சு வேலைக்கு வித்தாங்க, பெரியவங்களுக்கு மூணுலேர்ந்து ஆறு வருஷம், புள்ளைங்க 21 வயசு வரைக்கும், பாதி கடலுக்கு மேல புருஷன் செத்தா அவன் கூலியும் பொண்டாட்டி தலைல. இதையெல்லாம் தாண்டி வந்தவங்களை அமைதியானவங்கன்னு ஒரு வார்த்தைல முடிக்க எனக்கு மனசு வரல.

அச்சுன்னு ஆரம்பிச்சுட்டேன், நம்ம கடற்கரைக்கு வராம முடியாது. ஜெர்மனில ஹாலே ஊர்ல பிராங்கேங்கற பாதிரியார் தொடங்கின நிறுவனத்து ஆளுங்கதான் 1734ல ஜார்ஜியா காலனியில சால்ஸ்பர்க் அகதிகளோட எபனேசர் ஊருக்கு போன போல்ட்சியஸ் பாதிரியார், 1742ல பென்சில்வேனியா போன முஹ்லன்பர்க் பாதிரியார் எல்லாரும். அதே ஹாலேலேர்ந்துதான் சீகன்பால்கு 1706ல தரங்கம்பாடி வந்தார், தமிழ் எழுத்தும் அங்க வார்த்து கப்பல்ல வந்துது, 1715ல தமிழ் புதிய ஏற்பாடு முழுசா வந்துச்சு, காகிதம் பத்தாம பொறையார்ல ஆலையும் போட்டாங்க. உடனே "தமிழ் அச்சே தரங்கம்பாடிலதான் ஆரம்பம்"னு எழுதாதீங்க, 1578லயே கொல்லத்துல தம்பிரான் வணக்கம்ங்கற தமிழ் புஸ்தகம் அச்சாயிருச்சு, இதை நான் சாகற வரைக்கும் சொல்லிட்டேதான் இருப்பேன். எபனேசர்க்காரங்க 1739ல எங்க காலனிக்கு அடிமைங்க வேண்டாம்னு எழுதிக் கொடுத்தாங்க. ஜார்ஜியாவுல அடிமை வெச்சுக்கக் கூடாதுங்கற தடை 1751ல போச்சு, அப்புறம் அந்த ஊரும் அடிமை வெச்சுக்கிச்சு. அதையும் சேர்த்துத்தான் எழுதணும்.

யாரும் எதிர்க்கலையான்னு கேட்டீங்கல்ல? 1727லேர்ந்தே வர்றவங்க பேரெல்லாம் பட்டியல் எடுத்து ராஜ விசுவாச சத்தியம் வாங்கினாங்க. பெஞ்சமின் பிராங்க்ளின் 1751ல எழுதினதை படிங்க, ஆங்கிலேயன் உண்டாக்கின பென்சில்வேனியாவை இந்த பாலட்டினேட் (ஜெர்மனியில ஒரு பகுதி) பட்டிக்காட்டானுங்க ஏன் வந்து மொய்க்கணும், நாம அவங்களை மாத்துறதுக்கு பதிலா அவங்க நம்மளை ஜெர்மனாக்கிடுவாங்கன்னு. ஜெர்மன்காரன் கறுத்த நிறம்ங்கறாரு கூடவே! இவரே 1732ல ஒரு ஜெர்மன் பத்திரிகை போட்டு அது ஓடல, சாவர் பத்திரிகை ஓடிச்சு, அந்த வயித்தெரிச்சலும் இதுல இருக்குன்னு நான் நினைக்கிறேன். பிராங்க்ளினை தொட்டா கடிதம் எழுதுற நண்பர்கள் இந்த தடவையும் எழுதட்டும். அவர் பெரிய மனுஷன்தான், 1790ல அடிமை முறைக்கு எதிரா காங்கிரசுக்கு மனு போட்ட சங்கத்துக்கு அவர்தான் தலைவர், ஆனா ஜெர்மன்டவுன் தறிக்காரங்க அதை 102 வருஷம் முன்னாடியே எழுதிட்டாங்க.

அரசியல் பக்கம் போகலன்னீங்களே, 1764 பென்சில்வேனியா சட்டசபை தேர்தல்ல பிராங்க்ளினோட எதிராளிங்க அவரோட அந்த பட்டிக்காட்டான் வரியை தூசி தட்டி எடுத்து ஊர் பூரா பரப்பினாங்க. ஜெர்மன்காரங்க வரிசையா போய் எதிரா ஓட்டு போட்டாங்க, பிராங்க்ளின் கொஞ்ச ஓட்டுல தோத்தார், ஆயிரத்துக்கு மேல ஜெர்மன் ஓட்டு போயிருச்சுன்னு அவரே நண்பருக்கு கடிதம் எழுதினார்.