வாசகர் கேள்வி – பதில்: இலை கொட்டிய மலைப்பாதையில் இரண்டு நாள்

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர் இப்போது பாஸ்டனைச் சுற்றி வசிக்கிறோம். அக்டோபர் மாத நீண்ட வார இறுதியில் வெர்மான்ட் மாநிலத்தின் ஈஸ்ட் பர்க்கில் மவுண்டன் பைக் ஓட்டச் செல்கிறோம். இருவருக்கு நல்ல பழக்கம் உண்டு. மற்ற மூவர் பூங்காவில் ஓட்டியதோடு சரி. சேர்ந்து ஓட்டுவதா, பிரிந்து ஓட்டுவதா என்று இப்போதே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– மாசசூசெட்ஸ் வாசகர்

பதில்: காலையில் சேர்ந்து ஓட்டுங்கள்; மதிய உணவுக்குப் பிறகு பிரியுங்கள். புதியவர்களுக்கு உடம்பில் தெம்பு இருப்பது காலையில்தான். பழகியவர்கள் ஒவ்வொரு கிளைப்பாதையிலும் நின்று பின்னால் வருபவர்களுக்காகக் காத்திருப்பார்கள்; கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "எல்லோரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று பெடலை மிதிப்பார்கள். அதாவது, ஓய்வே தேவைப்படாதவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்து, மிகவும் தேவைப்படுபவருக்கு ஒரு நொடிகூடக் கிடைக்காத ஏற்பாடு அது. கடைசி ஆள் தண்ணீர் குடித்து முடித்து, அவரே 'போகலாம்' என்று சொன்ன பிறகுதான் வண்டிகள் நகர வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பயணங்களில் நான் கண்ட மனத்தாங்கல்களில் பாதி இந்த ஓர் இடத்தில்தான் முளைத்தது.

மதியத்துக்கு மேல் பழகிய இருவரும், பள்ளத்தின் இரு கரைகளிலும் மாறி மாறி ஏறி இறங்கும் சைட்வைண்டர் போன்ற பாதைகளுக்குப் போகட்டும். மற்றவர்கள் டார்லிங் ஹில் மேட்டின் புல்வெளிப் பக்கமே சுற்றலாம். அக்டோபர் நடுவில் ஆறு மணி அளவில் சூரியன் மறைந்துவிடும், மரங்களுக்கு அடியில் அதற்கு முன்பே இருட்டும் என்பதால், ஐந்து மணிக்கு ஓரிடத்தில் கூடுவதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்குள்ள 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதைகளை 1994 முதல் இலாப நோக்கற்ற கிங்டம் டிரெயில்ஸ் அமைப்பு பராமரித்து வருகிறது. ஆனால் பாதைகளில் பெரும்பகுதி ஓடுவது தனியார் நிலத்தில். பலர் தம் தோட்டத்தையும் காட்டையும் நம்பித் திறந்துவிட்டதால்தான் அவை உள்ளன. 2019 டிசம்பரில் மூன்று உரிமையாளர்கள் சைக்கிள்களுக்கு அளித்திருந்த அனுமதியை விலக்கிக்கொண்டபோது, நெடுங்காலமாக எல்லோரும் விரும்பி ஓட்டிய சில பாதைகள் துண்டுபட்டுப் போயின. ஐவர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே ஓட்டுவது உங்களுக்கு இனிமையாக இருக்கலாம். எதிரே குதிரையிலோ நாயுடனோ வருபவருக்கு அது வழிமறிப்பு. அனுமதிச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். அரட்டையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை: அமெரிக்காவின் அந்த நீண்ட வார இறுதி புரட்டாசிக்குள்தான் வரும். ஐவரில் ஒருவராவது அசைவம் தொடாதவராக இருக்கக்கூடும். சிற்றூர்க் கடைகளை நம்பாமல், புளியோதரையை வீட்டிலேயே கிளறி எடுத்துச் செல்வது உத்தமம்.

கேள்வி: உதிர்ந்த இலைகளின் மேல் ஓட்டுவது அவ்வளவு ஆபத்தானதா?
– நியூ ஜெர்சி வாசகி

பதில்: காய்ந்த இலை சத்தம்தான் போடும்; வழுக்குவது நனைந்த இலை. மேலே சருகாகச் சலசலத்தாலும், அடியில் நேற்றைய மழையில் ஊறிய மேப்பிள் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கும். சாய்வாக ஓடும் வேர் ஒன்று அதற்குள் மறைந்திருந்தால், டயர் அதன் மேல் ஏறாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். எனவே வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாமல், இரு பெடல்களும் தரைக்கு இணையாக இருக்க எழுந்து நின்று கடக்க வேண்டும்.

முன் பிரேக் என்றதும் நினைவுக்கு வருகிறது: நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு உரியது, அமெரிக்காவில் அது இடக்கைப் பக்கம் இருக்கும். மதுரையிலோ திருச்சியிலோ ஓட்டிப் பழகிய கை, பதற்றத்தில் பின்சக்கரத்தை நிறுத்துவதாக நினைத்து முன்சக்கரத்தைப் பூட்டிவிடும். அப்படி ஒருமுறை கைப்பிடிக்கு மேலாகப் பறந்து, இலைக்குவியலில் மெத்தென்று விழுந்ததால் பிழைத்தவன் நான். வாடகை வண்டியை வாங்கிய இடத்திலேயே, கடை வாசலில் பத்து முறை நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: இந்த விளையாட்டு எங்கே தொடங்கியது?
– கோவை வாசகர்

பதில்: ஒரே இடத்தைச் சொல்வது கடினம். பலரும் சுட்டுவது கலிபோர்னியாவின் மரின் கவுன்ட்டியை. 1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, 3.4 கிலோமீட்டருக்குள் சுமார் 400 மீட்டர் இறங்கும் மண்சாலையில் நண்பர்கள் சிலர் பழைய கனத்த சைக்கிள்களில் பந்தயம் விட்டார்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகியோர் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக், இறங்கி முடிப்பதற்குள் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகையாகிப் போய்விடும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் அச்சைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே 'மறுபடி அடைத்தல்' என்னும் பொருளில் அந்தச் சாலைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது.