கேளுங்கள் டீச்சர்: ரிசல்ட்டும் வாத்தியார் வேலையும்

(பொதுத்தேர்வு முடிவு வந்த கையோடு வந்த கடிதங்கள் இவை. ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.)

அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் 34 பேரில் 9 பேர் என் பாடத்தில் தேறவில்லை. மீளாய்வுக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நிற்கச் சொல்லிக் காரணம் கேட்டார்கள். அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் பொங்கலுக்கு அப்புறம் பரீட்சைக்கு மட்டும்தான் வந்தார்கள். ஒரே ஒரு எண்ணை வைத்து என்னை அளப்பது சரியா?
*பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்*

சரியில்லை தங்கச்சி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அப்படி எழுந்து நிற்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் நின்றிருக்கிறேன். மறுபடி நிற்கக் கூடாது என்பதற்காக ஒரு காரியமும் செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் 29 பிள்ளைகள், வகுப்பாசிரியை நான். அதில் ஒரு பையன் கார்த்திகை பிறந்தால் அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போய்விடுவான். மாசிக் கடைசியில்தான் திரும்புவான். அல்ஜீப்ரா அவனுக்குச் சுத்தமாக வராது. ஆனால் டன்னுக்கு இவ்வளவு கூலி, ஆறு பேர் வெட்டினார்கள், முன்பணம் இவ்வளவு வாங்கியாயிற்று, மிச்சம் தலைக்கு எவ்வளவு என்று கேட்டால், நான் கரும்பலகையில் போட்டு முடிப்பதற்குள் விடை சொல்வான்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியர் கூப்பிட்டார். "இவன் பத்துல உக்காந்தா நம்ம சென்டம் ரிசல்ட் போச்சு டீச்சர். அப்பாவை வரச்சொல்லி டி.சி. வாங்கிக்கச் சொல்லுங்க. பிரைவேட்டா எழுதிக்கட்டும்" என்றார். நான் மறுக்கவில்லை. அந்த அப்பா வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா சரிங்க டீச்சர்" என்றார். எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதி, எழுதியதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வருடம் 28 பேர் எழுதினார்கள், 28 பேரும் பாஸ். வாசலில் எங்கள் படங்களோடு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். பையன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் ஏறி வடக்கே போய்விட்டான். அந்த நூறு சதவீதத்தில் அவன் எங்கேயும் இல்லை. என் பணிக்காலத்திலேயே ஆக நல்ல எண் வந்த வருடம், நான் ஒரு பிள்ளையை ஆக மோசமாகக் கைவிட்ட வருடம்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எண் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், அந்த நான்கு பேரையும் நீங்கள் பெயரடிக்காமல் பரீட்சை வரை கொண்டுவந்ததுதான். விளக்கம் எழுதச் சொன்னால் வருத்தத்தை எழுதாதீர்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்து, ஒவ்வொருவரும் எத்தனை நாள் வந்தார்கள் என்று எண்ணி எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் எத்தனை மதிப்பெண் இருந்தது, இப்போது எத்தனை என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள். 8 எடுத்தவன் 29 எடுத்திருந்தால் அவன் தாளில் ஃபெயில்தான், ஆனால் அங்கே ஒரு வேலை நடந்திருக்கிறது. அப்புறம், ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தும் தேறாத மிச்சம் ஐந்து பேர். அவர்களைப் பற்றி மேலதிகாரி கேட்கும் கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது நியாயமான கேள்வி. ஒன்பது பேரையும் துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட வைத்துவிட்டீர்களா? கடைசி நாள் தவறிவிடப் போகிறது, அதை முதலில் பாருங்கள்.

நான் கடை வைத்திருக்கிறேன். என் கடைப் பையனுக்கே மாத டார்கெட் உண்டு. மக்கள் வரிப்பணத்தில் நல்ல சம்பளம் வாங்கும் வாத்தியாருக்கு மட்டும் ஏன் கூடாது? பிள்ளைகள் மார்க் எடுத்தால் போனஸ், எடுக்காவிட்டால் பிடித்தம் என்று வைத்தால் தானாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.
*ஜவுளி வியாபாரி, ஈரோடு*

ஐயா, உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. வகுப்புக்குப் போகாமல் காலத்தை ஓட்டியவர்களோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் யோசனையும் புதிதில்லை, செய்து பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1862-ல் ராபர்ட் லோ என்ற அமைச்சர் கொண்டுவந்தார். வருடத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தவறினால் அந்த அளவுக்குப் பள்ளியின் மானியம் குறையும். நம் சென்னை மாகாணத்திலும் அதே காலத்தில் திண்ணைப் பள்ளிகள் உட்பட பல பள்ளிகளுக்குத் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் கொடுத்தார்கள். என்ன ஆயிற்று? இன்ஸ்பெக்டர் கேட்கும் பக்கங்களை மட்டும் உருப்போட வைத்தார்கள். மேத்யூ ஆர்னால்ட் என்ற கவிஞரே அப்போது பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தார், அவர் இதைக் கடுமையாக எதிர்த்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்து அந்த முறையைக் கைவிட்டுவிட்டது.

உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் ஒன்றையும் சொல்லவேண்டும். ஆந்திராவில் 2005-லிருந்து கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் போனஸ் முறையைச் சோதித்தார்கள். இரண்டு வருடத்தில் போனஸ் கொடுத்த பள்ளிகளில் கணக்கும் மொழியும் மற்றப் பள்ளிகளைவிடத் தெளிவாக முன்னேறின. போனஸில் சேர்க்காத பாடங்களிலும் பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள். எனக்குப் பிடிக்காத முடிவு என்பதற்காக இதை ஒதுக்கமாட்டேன்.

ஆனால் அதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். வருடத் தொடக்கத்தில் பிள்ளை எங்கே இருந்தது, முடிவில் எவ்வளவு ஏறியது என்ற வித்தியாசத்துக்குத்தான் போனஸ். தேர்வை நடத்தியது பள்ளிக்கு வெளியே இருந்தவர்கள். தொகை சராசரியாக வருடச் சம்பளத்தில் மூன்று சதவீதம் அளவு. பிடித்தம் கிடையாது, யாரையும் கூட்டத்தில் நிற்க வைக்கவும் இல்லை. நம் ஊரில் பார்ப்பது பாஸ் சதவீதம். ஒரு பிள்ளையை வெளியே அனுப்பினாலும் அது ஏறும். உங்கள் கடையில் விற்காத துணியை ஓரம் கட்டுகிறீர்கள். நான் ஓரம் கட்டியது ஒரு பையனை.

நியூஜெர்சியில் இருக்கிறோம். மகன் நான்காம் வகுப்பு. வசந்த காலத்தில் மாநிலத் தேர்வு வந்தால் வீட்டுக்கே காய்ச்சல் வருகிறது. அந்த மார்க்கை வைத்து டீச்சருக்கும் மதிப்பீடு உண்டாமே, அப்படியா?
*ஒரு தாய், எடிசன்*

உண்டு அம்மா. உங்கள் மாநிலத்தில் அதன் பங்கு ஒரு காலத்தில் 30 சதவீதம் வரை போனது, 2018-ல் 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அந்தக் குறைப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை வருடா வருடம் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு என்றது. 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி நிலைக்கு வந்தாக வேண்டும் என்றது. எல்லா வகைப் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் தனித்தனியாக வெளியிட வைத்தது அதில் ஒரு நல்ல காரியம். கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் சராசரிக்குள் மறைந்துபோகாமல் கண்ணில் பட்டார்கள். அடுத்து 2009-ல் ஒபாமா அரசு 435 கோடி டாலரை வைத்துக்கொண்டு, மாணவர் முன்னேற்றத்தை ஆசிரியர் மதிப்பீட்டோடு இணைக்கும் மாநிலங்களுக்கு முன்னுரிமை என்றது.

அட்லாண்டாவில் நடந்ததைப் படித்தபோது எனக்கு என் பள்ளி ஞாபகம் வந்தது. 2009 தேர்வில், தப்பான விடையை ரப்பரால் அழித்துவிட்டுச் சரியான விடையைக் குறித்த தாள்கள் ஏகப்பட்டது இருந்தன. 2011-ல் மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்களுக்கு இதில் பங்கு இருந்ததாகச் சொன்னது. 2015-ல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு மேசையில் உட்கார்ந்து அழித்தவர்களில் எத்தனையோ பேர் நல்ல ஆசிரியர்களாகத்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள். அழித்ததனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டிய கூடுதல் வகுப்பும் கிடைக்காமல் போனது. தாளில் பாஸ் ஆன பிள்ளைக்கு எதற்கு உதவி?

நேர்மையாக நடந்த இடத்திலும் எண் தடுமாறியது. நியூயார்க் மாநிலத்தில் கிரேட் நெக் ஊரில் ஒரு நான்காம் வகுப்பு ஆசிரியை. அவர் பிள்ளைகள் இரண்டு வருடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதினார்கள். ஆனால் பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை அளக்கும் கணக்கீட்டில் அவருக்கு முதல் வருடம் 20-க்கு 14, அடுத்த வருடம் 1. நீதிமன்றத்துக்குப் போனார். 2016-ல் அந்த மதிப்பீடு ஏறுமாறானது என்று சொல்லி நீதிபதி ரத்து செய்தார். அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014-லேயே எச்சரித்திருந்தது. பிள்ளைக்குப் பிள்ளை மதிப்பெண் வேறுபடுவதில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அது சொன்னது.

உங்கள் மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். இது அவன் எதில் தடுமாறுகிறான் என்று தெரிந்துகொள்வதற்கான தேர்வு, டீச்சரின் வேலை அவன் கையில் இல்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அப்படியும் நினைத்துப் பயப்படுவது உண்டு.

மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியதால் ஏதாவது மாறியதா?
*கல்லூரி மாணவர், மதுரை*

2017-லிருந்து ரேங்க் இல்லை. பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி என்ற பட்டியல் வந்துகொண்டுதான் இருக்கிறது. பிள்ளை தலையிலிருந்து இறக்கிய பாரத்தை மாவட்டத்தின் தலையில் வைத்தார்கள். அங்கிருந்து அது தலைமையாசிரியருக்கு, அவரிடமிருந்து ஆசிரியருக்கு என்று இறங்கி, கடைசியில் கடைசி பெஞ்சுப் பையனிடமே வந்து சேர்ந்துவிட்டது. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று 2019-ல் ஆணை போட்டு, எதிர்ப்பு வந்து 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்களே, அது நடந்திருந்தால் பத்து வயதுப் பிள்ளையிடம் போய் நின்றிருக்கும்.

எனக்கு 48 வயது. வேலைக்குச் சேர்ந்து 22 வருடம் ஆகிறது. இப்போது டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதித் தேறவேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றம். இரவில் தூக்கம் வரவில்லை.
*இடைநிலை ஆசிரியை, தருமபுரி*

2025 செப்டம்பர் 1 தீர்ப்பைச் சொல்கிறீர்கள். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேறவேண்டும் என்றது. இருபது வருடம் வகுப்பில் நின்றவரை மூன்று மணி நேரக் கொள்குறி வினாத்தாள் அளந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அழுதுகொண்டே வரும்போது என்ன செய்வீர்கள் என்பதற்கு நான்கு விடையில் ஒன்றைக் குறிக்க முடியுமா? ஆனாலும் சங்கங்களும் அரசும் வழக்கைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பாடப்புத்தகங்களை எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று இன்றைக்கே தொடங்குங்கள். பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது. கல்வி உளவியல்தான் கொஞ்சம் கடினமாக இருக்கும், அதை நாலைந்து பேர் சேர்ந்து படியுங்கள்.

புதிதாகத் தலைமையாசிரியை ஆகியிருக்கிறேன். ரிசல்ட்டை வைத்து அளக்காதே என்கிறீர்கள். சரி, அப்புறம் எதை வைத்து ஆசிரியரை மதிப்பிடுவது?
*அரசு நடுநிலைப் பள்ளி, நாமக்கல் மாவட்டம்*

மதிப்பிடத்தான் வேண்டும். மதிப்பிடாமல் விடுவது நல்ல ஆசிரியருக்குச் செய்யும் துரோகம். ரிசல்ட்டையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை, ஐந்து வருடத்து எண்களைச் சேர்த்துப் பாருங்கள், பிள்ளை எங்கிருந்து தொடங்கியது என்பதையும் பாருங்கள்.

ஆனால் முதலில் வகுப்புக்குள் போங்கள். நான் தலைமையாசிரியை ஆன பிறகு வாரத்துக்கு இரண்டு பாடவேளை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்காருவேன். நோட்டும் பேனாவும் கொண்டுபோனால் ஆசிரியர் எனக்காகப் பாடம் நடத்துவார், அதனால் வெறுங்கையோடு போவேன். முதல் பத்து நிமிடம் ஆசிரியரைப் பார்க்கவே மாட்டேன். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்ப்பேன். தப்பாகப் போட்ட கணக்கில் ஆசிரியர் எந்த இடத்தில் சுழித்திருக்கிறார்? முழுக் கணக்குக்கும் குறுக்கே ஒரு கோடா, அல்லது தப்பிய அந்த ஒரு வரியிலா? வரியில் சுழித்த ஆசிரியர் அந்தப் பிள்ளையின் தாளைப் படித்திருக்கிறார். எனக்கு எந்தப் படிவத்தையும்விட அது அதிகம் சொன்னது. அப்புறம், ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், எத்தனை பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கடைசி பெஞ்சுக்கு எத்தனை தடவை வருகிறார் என்று பார்ப்பேன்.

பார்த்ததை அன்றைக்கே, தனியாக, ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே வைத்துச் சொல்லிவிடுவேன். ஒரு தடவை எங்கள் அறிவியல் ஆசிரியரிடம், "சார், மூணாவது வரிசையில ஜன்னல் ஓரத்துப் பொண்ணு நீங்க போர்டுல எழுதினதை எழுதல, பக்கத்துப் பொண்ணோட நோட்டைப் பார்த்து எழுதுது" என்றேன். அவர் மறுநாளே அந்தப் பெண்ணை முன் வரிசைக்கு மாற்றினார். அடுத்த வாரம் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போனோம். கண்ணாடி வந்த அன்று அவள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.