“சொல்ல என்னம்மா இருக்கு?” என்கிற பட்டாளத்துத் தாத்தா

கேள்வி: என் தாத்தா ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர், 1971 போருக்குப் போனவர். இப்போது வயது 79. போரைப் பற்றிக் கேட்டாலே “சொல்ல என்னம்மா இருக்கு?” என்று எழுந்து போய்விடுகிறார். அவர் பேச்சைப் பதிவு செய்து பத்திரப்படுத்த என்ன வழி? (வாசகி, வேலூர் மாவட்டம்)

பதில்: “போர் எப்படி இருந்தது?” என்று கேட்டால் யாரும் அப்படித்தான் எழுந்து போவார்கள். போரை விடுங்கள். பெங்களூரில் பயிற்சிக்குப் போய் இறங்கிய முதல் நாள், லங்கரில் (பட்டாளத்துச் சமையற்கூடத்தில்) போட்ட ரொட்டி, 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரிக்குப் பாட்டி போட்ட கடிதம் எத்தனை நாளில் கைக்கு வந்தது என்றெல்லாம் கேளுங்கள்.

டிரங்குப் பெட்டியில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பதக்கங்களையும் எடுத்து அவர் மடியில் வையுங்கள். பூர்வி ஸ்டார் இருந்தால் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனை. மேற்கு என்றால் யூனிட்டைப் பாருங்கள். அந்த டிசம்பரில் பசந்தர் ஆற்றோரம் கண்ணிவெடிகளுக்கு நடுவே டாங்கிகளுக்குப் பாதை திறந்தது மெட்ராஸ் சாப்பர்ஸின் 9ஆவது எஞ்சினியர் ரெஜிமெண்ட். அவர் கண்ணிவெடி எடுத்தவர் என்றால் “பயமா இருந்ததா?” வேண்டாம். “தரையை எதால் குத்திப் பார்ப்பீங்க தாத்தா?” என்று கேளுங்கள். கை தானாக அசையும், பேச்சு பின்னாலேயே வரும்.

தேதியோ ஊரோ தப்பாகச் சொன்னால் நடுவில் திருத்தாதீர்கள், தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை ஒரு ஹவில்தாரிடம் “அது ஜம்மு இல்லையா ஐயா?” என்று கேட்டுத் தொலைத்தேன். அப்புறம் அவர் என்னிடம் சரிபார்த்துச் சரிபார்த்தே பேசினார், கதை போச்சு. தாத்தா மௌனமானால் நீங்களும் சும்மா இருங்கள். கண் கலங்கினால் பதிவை நிறுத்திவிட்டு டீ போடுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் போதும். ஃபேனை அணைத்துவிடுங்கள். போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்கிவிடுங்கள், அந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள். வேவ் (WAV) கோப்பு வடிவத்தில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோவில் பதிந்தால் மணிக்கு சுமார் 500 எம்பி ஆகும். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பி வைத்தால் பத்திரம் என்று நினைக்காதீர்கள், தரம் குறைந்துவிடலாம். மூன்று பிரதிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று. கோப்பின் பெயரில் தேதியும் யூனிட்டும் இருக்கட்டும்.

எழுத்தாக்கும்போது அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். “சுபேதார் சாப் ஹுக்கும் குடுத்தாரு” என்பதை “அதிகாரி உத்தரவிட்டார்” என்று மாற்றினால் தாத்தா காணாமல் போய்விடுவார்.

இதை யாரெல்லாம் கேட்கலாம், எந்தப் பகுதியை வெளியிடக் கூடாது என்பதை அவர் குரலிலேயே முதல் பதிவில் வாங்கிவிடுங்கள். சம்மதித்தால், ஒரு பிரதியை ஏற்பார்களா என்று பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் அருங்காட்சியகத்தில் விசாரியுங்கள்.