பேப்பரில் பேனையால் வெட்டிய எண்

கேள்வி: எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு நான்தான் செயலாளர். மே மாதம் வந்த ஒரு பேப்பரில், முள்ளிவாய்க்காலில் செத்த சனம் 40,000 என்று இருந்தது. ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் அதைப் பேனையால் வெட்டி, பக்கத்தில் 7,721 என்று எழுதிவிட்டார். அக்காவையும் அவரின் பிள்ளைகளையும் அங்கே பறிகொடுத்த ஒருவர் அதைக் கண்டு பேப்பரையே கிழித்துப்போட்டார். இப்போது ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. 'அரசியல் கதைக்கக் கூடாது' என்று பலகை மாட்டச் சொல்கிறது நிர்வாகம். மாட்டலாமா?
- ஒரு செயலாளர், கோண்டாவில்

பதில்: மாட்ட வேண்டாம், தம்பி. பலகை மாட்டினால் கதை தேநீர்க் கடைக்குப் போகும், அவ்வளவுதான். அங்கே மறுத்துக் கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

மாஸ்டர் எழுதிய எண் பொய்யில்லை. 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை, இலங்கையில் இருந்த ஐ.நா. அலுவலகம் தொகுத்த கணக்கு அது. ஆனால் அந்தத் திகதியை அவர் வடிவாகப் பார்க்கவில்லை. போரின் கடைசி நாட்கள் அதற்குள் இல்லை. ஐ.நா.வின் வெளிநாட்டுப் பணியாளர்கள் 2008 செப்டெம்பரிலேயே வன்னியை விட்டுப் போய்விட்டார்கள். சுயாதீனப் பத்திரிகையாளர்களுக்கு உள்ளே போக அனுமதியில்லை. ஷெல்லுக்கு நடுவில், உறுதிப்படுத்த முடிந்த சாவுகளை மட்டும் சேர்த்த கணக்கு அது. பங்கருக்குள்ளேயே மூடுண்டு போனவரை யார் பதிந்தார்கள்?

பேப்பரில் வந்த 40,000 ஆள் ஆளாக எண்ணிய கணக்கு இல்லை. 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, பொதுமக்களின் சாவு அவ்வளவு வரை இருக்கலாம் என்று சொன்ன மதிப்பீடு. அதே ஆண்டு மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கைக் கொண்டுபோனார். கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) கணக்குப்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. பிறகு அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள், ஐ.நா. கணக்குப்படி, 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்றுதான் அவர் கேட்டார். அத்தனை பேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. அதையும் சில பேர் சாவுக் கணக்காகவே எழுதுகிறார்கள். அது பிழை. நம் பக்கத்துப் பிழை என்பதற்காக விட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவர்கள் முழுவதையும் மறுக்கிறார்கள்.

ஆக, மூன்று எண்ணும் மூன்று வேறு கேள்விக்கு வந்த பதில்கள். இதை மாஸ்டரிடம் நீங்கள் தனியாகச் சொல்லலாம். பாடம் படிப்பித்தவருக்கு விளங்கும். 'யார் எண்ணினது, எதை எண்ணினது, எந்தத் திகதி வரை' என்ற மூன்றும் இல்லாமல் ஒரு எண்ணைப் போடும் பேப்பருக்கு நிலையத்தின் பெயரில் கடிதம் எழுதுங்கள். அந்தக் கடிதத்தை மாஸ்டரையே எழுதச் சொல்லுங்கள். காஸாச் செய்தியிலும் இதே சண்டை வரும். அங்கேயும் இதே மூன்றையும் கேட்கலாம்.

பேப்பரைக் கிழித்தவரிடம் இந்தக் கணக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவருடைய வீட்டில் செத்தவர்களைத் தன் கண் முன்னாலேயே யாரோ வெட்டிவிட்ட மாதிரித்தான் அவருக்குப் பட்டிருக்கும். அக்காவின் பெயர் எந்தப் பட்டியலிலாவது இருக்கிறதா என்று அவரிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? நீங்கள் கேளுங்கள். அவருடைய வீட்டுக்குப் போய், இருந்து, கேளுங்கள்.

பிறகு ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் ஊராரும் அவர்களின் உறவுகளுமாக அந்தப் போரில் செத்தவர்கள், காணாமல் போனவர்கள்: பெயர், வயது, கடைசியாக எந்த இடத்தில், கண்டது யார். செத்தவரையும் காணாமல் போனவரையும் வேறு வேறு பக்கத்தில் எழுதுங்கள். காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாயிடம் கேட்காமல் அவன் பெயரைச் சாவுப் பக்கத்தில் எழுதிவிடாதீர்கள். விருப்பமில்லாத வீட்டை வற்புறுத்த வேண்டாம். கொப்பியை மேசையில் போட்டுவைக்காமல் அலுமாரியில் பூட்டி வையுங்கள். மாஸ்டரின் கையெழுத்து வடிவாக இருந்தால் அவரே எழுதட்டும், ஆனால் முதலில் பேப்பரைக் கிழித்த அந்த அண்ணரிடம் சம்மதம் கேட்டுவிட்டு.