தினமும் நடக்கிறேன், ஆனாலும் தரையிலிருந்து எழ முடியவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 68. ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணத்தில் இருக்கிறேன். 8 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறேன். தினமும் காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி 40 நிமிடம் நடப்பேன். வயதானால் அரை வயிறுதான் சாப்பிட வேண்டும் என்று காலையில் மூன்று இட்லி, மதியம் சாதம், சாம்பார், மோர், ராத்திரி இரண்டு இட்லி, சாயங்காலம் காபியோடு முறுக்கோ பிஸ்கட்டோ என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வருடத்தில் 62 கிலோவிலிருந்து 58 ஆகிவிட்டேன், சந்தோஷம்தான். ஆனால் போன மாதம் ஒரு விசேஷ வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழ, இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. பஸ் படியும் கம்பியைப் பிடித்து இழுத்துத்தான் ஏறுகிறேன். பையன் ஜிம்முக்குப் போகச் சொல்கிறான். இந்த வயதில் தேவையா? மனைவிக்கு வயது 63, முழங்கால் வலி. அவள் என்ன செய்யலாம்? முட்டை சாப்பிடுவோம், கறி மீன் கிடையாது.

பதில்: ஐயா, நடையை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லது செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடையின் முன்பக்கச் சதையும் புட்டத்துச் சதையும் தங்கள் பலத்தில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கின்றன. 58 கிலோவைத் தரையிலிருந்து மேலே தூக்கும் வேலை நடையில் ஒரு தடவைகூட வருவதில்லை. வேலை இல்லாத சதையை உடம்பு கரைத்துவிடும். முப்பது, நாற்பது வயதிலேயே மெதுவாகத் தொடங்குகிற இந்தக் கரைதல் அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கும். சார்க்கோபீனியா என்று இதற்கு 1989-இல் பெயர் வைத்தார்கள். எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளிடம் வரும் முதியவர்களில் பலருக்கு அடிப்படைச் சிக்கலே இதுதான்.

உடற்பயிற்சிக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்தச் ‘சந்தோஷம்தான்’ என்ற சொல். 62-இல் 4 கிலோ என்றால் ஆறு சதவீதத்துக்கு மேல். எடையைக் குறைக்க வேண்டும் என்று முயலாமலே ஓராண்டில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் குறைவாகச் சாப்பிடுவதே காரணமாக இருக்கலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் சதை கரையும், தைராய்டு கூடினாலும் கரையும். அதனால் இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், இவற்றோடு வைட்டமின் பி12 பரிசோதனையையும் கேளுங்கள். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்குப் பி12 குறையலாம். குறைந்தால் பாதம் மரத்துப்போகும், நடையில் தடுமாற்றம் வரும். அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, உங்கள் கால் பலம் இப்போது எவ்வளவு என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். உங்கள் மனைவி பக்கத்தில் நிற்கட்டும். 65 முதல் 69 வயது ஆணுக்கு 12-க்குக் கீழே வந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே, விழும் ஆபத்தும் கூடுதல் என்று அர்த்தம். வந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

நம் வீடுகளில் முன்பு இந்தப் பரிசோதனை தினமும் தானாகவே நடந்துகொண்டிருந்தது. தரையில் சாப்பாடு, தரையில் பாய், காய் நறுக்க அரிவாள்மணை, குந்தி உட்காரும் கழிப்பறை. ஒரு நாளில் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்திருப்போம்! கட்டில், சோபா, டைனிங் டேபிள், வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் வந்தபிறகு உடம்பு முட்டி உயரத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. அந்த வசதிகளை நான் குறை சொல்லவில்லை, முழங்கால் வலிக்காரர்களுக்கு அவை பெரிய உதவி. ஆனால் போன பயிற்சியை வேறு வழியில் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

அதற்கு அந்த நாற்காலியே போதும். எழும்போது மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். சதைக்குப் பாதி வேலை இந்த இறங்குவதில்தான் கிடைக்கிறது, எல்லோரும் அவசரப்பட்டு விடுவதும் இதைத்தான். 8 முதல் 10 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடியும் ஒரு சுற்று. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரத்தில் சுலபமாகிவிடும். அப்போது மூன்றாவது சுற்று சேருங்கள். அதுவும் சுலபமானால் பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால்தான் சதை வளரும்.

காபி கொதிக்கும் நேரத்தில் சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்கலாம். பிறகு ஒற்றைக்காலில் பத்து வினாடி நின்று பழகுங்கள், ஒரு விரல் மேடைமேல் இருக்கட்டும். கைக்கும் தோளுக்கும், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று இரண்டு கையையும் சுவரில் ஊன்றிச் சாய்ந்து திரும்பத் தள்ளினால் போதும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிட நடையோடு இரண்டு நாளாவது பலப் பயிற்சியும், மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. நடை உங்களிடம் ஏற்கெனவே 280 நிமிடம் இருக்கிறது, மற்ற இரண்டும்தான் பாக்கி.

தரையிலிருந்து எழுவதற்குத் தனியாக ஒரு முறை உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து நேராக எழ முயலாதீர்கள். முதலில் ஒரு பக்கமாகத் திரும்பி, இரண்டு கையும் இரண்டு முட்டியும் தரையில் ஊன்றிக் குழந்தை தவழும் நிலைக்கு வாருங்கள். எதிரே உள்ள ஸ்டூலில் கைகளை வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, அந்தக் காலால் தரையை அழுத்தி எழுங்கள். மெத்தென்ற பாயில், யாராவது பக்கத்தில் இருக்கும்போது, நாளுக்கு ஒரு முறை செய்து பாருங்கள். இதை நான் எல்லா முதியவர்களுக்கும் வற்புறுத்திச் சொல்லித்தருகிறேன். தனியாக இருக்கும்போது விழுந்துவிட்டு, எலும்பு எதுவும் முறியாமலே, எழத் தெரியாமல் மணிக்கணக்காகத் தரையில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜிம் தேவையா என்றால், கட்டாயம் இல்லை. ஆனால் ‘இந்த வயதில்’ என்ற தயக்கமும் தேவையில்லை. 1990-இல் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்களுக்கு 68தான் ஆகிறது.

இப்போது சாப்பாடு. அரை வயிறு என்று நீங்கள் குறைத்ததில் பருப்பும் பாலும் சேர்ந்து குறைந்துவிட்டன, மிஞ்சியது மாவுச்சத்து. வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். உங்களுக்கு 58 முதல் 70 கிராம். நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து இட்லி, சாதம், சாம்பார், மோர், காபிப் பால் எல்லாம் சேர்ந்து 35, 40 கிராமைத் தாண்டாது. மதியச் சாதத்தில் ஒரு கரண்டி குறைத்துக் கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம் சேருங்கள். காலையில் ஒரு இட்லியை விட்டுவிட்டு ஒரு முட்டை, அதில் 6 கிராம். சாயங்கால முறுக்குக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல்; 40 கிராம் கடலையை ஊறவைத்தால் 8 கிராம் கிடைக்கும். ராத்திரி இட்லியோடு சர்க்கரை போடாத பால் ஒரு தம்ளர். வயிற்றுக்குப் பெரிய பாரம் ஏறாது, புரதம் கிட்டத்தட்ட 60-ஐத் தொட்டுவிடும். பல் சிரமம் இருந்தால் சுண்டலை மசித்துக்கொள்ளலாம். கிரியேட்டினின் கூடுதல் என்று வந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். தண்ணீரைத் தாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் குடியுங்கள், வயதானால் தாக உணர்வு மங்கும்.

உங்கள் மனைவிக்கு வருகிறேன். முழங்கால் வலி என்று உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை இளைக்கும், அப்புறம் மூட்டின்மேல் பாரம் இன்னும் கூடும். அவர் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொண்டு, வலிக்காத அளவுக்கு எழுந்து உட்காரட்டும். உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து வினாடி பிடித்து இறக்குவது இன்னும் எளிது. மூட்டு வீங்கினாலோ, பயிற்சி முடிந்து மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தாலோ குறைத்துக்கொள்ளலாம். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. தயவுசெய்து பாருங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடியில் மிஞ்சிய சாம்பார்த் தண்ணீரோடு சாப்பிட்டு எழுகிற அம்மாக்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அவருக்கும் ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் பருப்பும் முதலிலேயே எடுத்துவைத்துவிட்டு, இருவரும் சேர்ந்து உட்காருங்கள்.

நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி நாளைக் காலை தொடங்கலாம். 8 வாரம் கழித்து அதே நாற்காலி, அதே 30 வினாடி. காலண்டரில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதி, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.