எஸ்யூவியோடு வந்த ஆல் சீசன் டயர் டொராண்டோவில் ஆண்டு முழுவதும் போதுமா?

டொராண்டோவில் புதிதாக ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி ஒன்று வாங்கியிருப்பதாகவும், வண்டியோடு வந்த ஆல் சீசன் டயர்களை வைத்தே பன்னிரண்டு மாதமும் ஓட்டிவிடலாமா என்றும், வெயில், மழை, பனி, ஐஸ் ஆகிய ஒவ்வொரு நிலையிலும் அவை எப்படி நடந்துகொள்ளும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக இதே ஊரில் எஸ்யூவி ஓட்டி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பனி கொட்டும் நாளில் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போகக்கூடியவர் என்றால் அந்த டயர்களோடு சமாளிக்கலாம்; எந்த நாளானாலும் விடியும் முன் வேலைக்குக் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் அவை போதா. பனிக்காலத்தில் டயரின் தரத்தை வண்டி எவ்வளவு எளிதாகக் கிளம்புகிறது என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஓர் அளவுகோலை வைத்துத்தான்.

ஆல் வீல் டிரைவ் ஓட்டுநரை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். என்ஜினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து செல்வதால், சாதாரணக் கார் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் இடத்திலிருந்தும் எஸ்யூவி எளிதாகக் கிளம்பிவிடும். பிரேக்கோ எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. ஆகவே நிற்பதில் ஆல் வீல் டிரைவால் கிடைக்கும் கூடுதல் உதவி ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஸ்கார்பரோவில் பிரிம்லி சாலை அதன் தெற்கு முனையில் புளஃபர்ஸ் பூங்காவை நோக்கிச் சரிந்து இறங்கும் இடத்தைப் பார்த்திருந்தால் இது எளிதில் புரியும்: பனி படிந்த நாளில் அந்தச் சரிவில் ஏறுவதற்கு ஆல் வீல் டிரைவ் கைகொடுக்கும்; இறங்கும்போது உங்களைக் காப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. வண்டி கனமானது, ஆகவே நன்றாக அழுத்திப் பிடிக்கும் என்று நம்மவர்கள் சிலர் சொல்வதுண்டு. எடை கூடினால் பிடிமானம் கூடுவது உண்மைதான். ஆனால் நிறுத்த வேண்டிய சுமையும் சேர்ந்தே கூடுகிறது. அதோடு, பாரம் இரட்டிப்பானால் ரப்பரின் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகவே உயர்கிறது என்பதால், கணக்குப் பார்த்தால் கனமான வண்டிக்குச் சற்று நஷ்டமே.

ஆல் சீசன் என்பது அமெரிக்காவில் பிறந்த ஒரு சமரசம். குட்இயர் நிறுவனம் 1977இல் டியெம்போ என்ற டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருக்கும் தொல்லை அங்கே பலருக்கு மெல்ல மெல்ல நீங்கியது. ஆனால் ரப்பர் குளிர்ந்தால் இறுகும் பொருள். இறுகினால் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் அமுங்கிப் பற்றிக்கொள்ளும் திறனை இழக்கும். ஆல் சீசன் ரப்பர் இப்படி இறுகத் தொடங்கும் எல்லையாக 7 டிகிரி செல்சியஸைச் சொல்வது இங்கே வழக்கம். அந்த எல்லையைத் தாண்டியதும் எல்லாம் ஒரேயடியாக மாறிவிடுவதில்லை. ஆனால் மைனஸ் 15 டிகிரியில், பனியே இல்லாத காய்ந்த தாரில்கூட, பிரேக் மிதித்தால் அந்த இறுக்கம் தெரியும்.

மே முதல் அக்டோபர் வரை காய்ந்த சாலையில் இந்த டயர்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாலையைத் தொடும் மேற்பரப்பான டிரெட்டில், வாய்க்கால்களுக்கு இடையே உள்ள ரப்பர் கட்டிகள் பெரிதாகவும் உறுதியாகவும் இருப்பதால் ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே வண்டி திரும்பும். சத்தமும் குறைவு, தேய்மானமும் குறைவு. குளிருக்கென்றே மென்மையான ரப்பரில் செய்யப்படும் வின்டர் டயரையே ஆண்டு முழுவதும் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: ஜூலை மாதத்து 30 டிகிரி வெயிலில் அந்த மென்மையான ரப்பர் நெளியும், மளமளவென்று தேயும், நிற்கும் தூரமும் நீளும்.

மழையில் டயரின் பெயரைவிட அதில் மிச்சமிருக்கும் டிரெட் ஆழமே பெரிது. புதிய எஸ்யூவி டயரின் வாய்க்கால்கள் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழமானவை, 1.6 மில்லிமீட்டருக்குத் தேயும்போது, வாய்க்காலின் குறுக்கே வைத்திருக்கும் சிறு அடையாள மேடுகள் டிரெட்டோடு சமமாகி, டயரின் ஆயுள் முடிந்துவிட்டது என்று காட்டும். மழைக்கான ஆயுளோ அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஒவ்வொரு டயரும் தனக்கு முன்னால் உள்ள தண்ணீரை நொடிக்குப் பல லிட்டர் கணக்கில் வாய்க்கால்கள் வழியாக வெளியேற்றியாக வேண்டும். அதற்கு இடம் போதாதபோது தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்து அதைச் சாலையிலிருந்து தூக்கிவிடுகிறது. ஹைட்ரோபிளேனிங் எனப்படும் இந்த நிலை நெருங்குவதை முதலில் அறிவது கைகள்தான், ஸ்டீயரிங் சட்டென்று லேசாகிவிடும். கோடை மழைக்கு டான் வேலி பார்க்வேயில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்த பிறகும், சட்டப்படி இன்னும் செல்லும் என்பதற்காக 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரில் ஓட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மழையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கச்சுவரில் உள்ள 'டிராக்‌ஷன்' எழுத்தைக் கடைக்காரர்கள் விரும்பிக் காட்டுவார்கள். அமெரிக்க அரசின் தர வரிசை முறையைச் சேர்ந்த அந்த எழுத்து, நனைந்த சாலையில் நேர்கோட்டில், சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும் நிலையில் அளக்கப்படுவது. இன்றைய வண்டிகளில் உள்ள ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு சக்கரத்தை அப்படிப் பூட்டிக்கொள்ள விடுவதே இல்லை. மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2 பெரும்பாலான அளவுகளில் 'பி' எழுத்தையும், கான்டினென்டல் கிராஸ்கான்டாக்ட் எல்எக்ஸ்25 அதைவிட உயர்ந்த 'ஏ' எழுத்தையும் பெற்றிருக்கின்றன. அதை மட்டும் பார்த்து முன்னது மழைக்கு ஆகாது என்று ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான். சுயேச்சையாக நடத்தப்பட்ட ஈரச்சாலை பிரேக் சோதனைகளில் நல்ல பெயர் எடுத்த டயர் அது.

பனிக்கு வருவோம். பனியில் டயர் பற்றுவது ரப்பரால் மட்டும் அன்று. குழந்தைகள் பனியைக் கையில் அள்ளி அழுத்திப் பந்தாக்குவதைப்போல டிரெட்டின் இடுக்குகள் பனியை அள்ளி இறுக்கிக்கொள்கின்றன. பனி பனியோடு ஒட்டும் என்பதால், அப்படி இறுகிய பனி சாலையில் கிடக்கும் பனியைப் பற்றி வண்டியை இழுக்கவும் நிறுத்தவும் செய்கிறது. ஆல் சீசன் டயரில் அந்த இடுக்குகளும், கட்டிகளின் மேல் குறுக்காக ஓடும் மெல்லிய வெட்டுகளும் குறைவு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் புதுப்பனியில், குடியிருப்புத் தெருவின் வேகத்தில், அவை ஓரளவு சமாளிக்கும். பேரி நகரைத் தாண்டி 400ஆம் நெடுஞ்சாலையில், ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் காற்று சில நிமிடங்களில் சாலையையே மறைக்குமளவு பனியைக் கொட்டும் இடத்தில், அதே டயரை நம்பிக் குடும்பத்தோடு போக நான் துணியமாட்டேன். வண்டியில் 20 அங்குல ரிம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அகலமான டயர் ஆழப்பனியை வெட்டி இறங்காமல் அதன் மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். உங்கள் வண்டிக்கு உற்பத்தியாளர் அனுமதிக்கும் சிறிய ரிம்மில், சற்றுக் குறுகிய டயரைக் குளிர்காலத்துக்குப் போடுவது இங்கே மெக்கானிக்குகள் வழக்கமாகச் சொல்லும் யோசனை, விலையும் குறையும்.

வாங்குவதற்கு முன் பக்கச்சுவரைக் கூர்ந்து பாருங்கள். ஏறக்குறைய எல்லா ஆல் சீசன் டயரிலும் 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் இருக்கும். சேற்றையும் பனியையும் குறிக்கும் அந்த எழுத்துகள் டிரெட்டில் போதிய இடைவெளி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. அவற்றைப் பொறிப்பதற்கு டயரைப் பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. மூன்று சிகரங்களுள்ள மலையும் அதன் நடுவே பனித்துகளும் கொண்ட சின்னம் வேறு. 1999இல் வட அமெரிக்க டயர் தொழில்துறை கொண்டுவந்த அந்தச் சின்னத்தைப் பெற, அழுத்தப்பட்ட பனியில் ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல் இழுவையைக் காட்ட வேண்டும். இழுவை என்ற சொல்லைக் கவனியுங்கள்: வட அமெரிக்க முறையில் அளக்கப்படுவது கிளம்பும்போது கிடைக்கும் விசைதான். பிரேக், வளைவு, ஐஸ் ஆகிய மூன்றுக்கும் அந்தச் சின்னம் பொறுப்பேற்பதில்லை. கரடுமுரடான பாதைக்குச் செய்யப்பட்ட ஆல் டெரெய்ன் டயர்கள் சிலவற்றிலும் அதே சின்னம் இருக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு ஐஸில் நின்றுவிடலாம் என்று நம்புவது வீண்.

ஐஸில் ஆல் சீசன் டயரை நம்பவே கூடாது. மைனஸ் 20 டிகிரி ஐஸைவிடப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். அதன் மேல் மிக மெல்லிய நீர்ப்படலம் பரவியிருப்பதே காரணம். பகலில் உருகி இரவில் உறைவது டொராண்டோ குளிர்காலத்தின் வாடிக்கை என்பதால், வினிபெக்கைவிட இங்கே குளிர் குறைவு என்ற ஆறுதல் இந்த விஷயத்தில் உதவாது. காலையில் குடியிருப்புத் தெருச் சந்திப்புகளில் நிறுத்தக் கோட்டுக்கு முந்தைய சில மீட்டர்களைப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக வந்து பிரேக் போட்ட கார்களும், சக்கரத்தைச் சுழலவிட்டுக் கிளம்பிய கார்களும் அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கும். தெருவின் மற்ற பகுதி சாம்பல் நிறப் பனிச்சகதியாகக் கிடக்க, நிற்க வேண்டிய இடம் மட்டும் பளபளக்கும். அங்கே பிரேக் மிதித்தால் ஏபிஎஸ் காலடியில் படபடவென்று அதிர, வண்டி தன் போக்கில் முன்னே போய்க்கொண்டிருக்கும். வின்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். அதன் நெருக்கமான வெட்டுகள் நீர்ப்படலத்தை வாங்கிக்கொண்டு, தம் ஓரங்களால் ஐஸைக் கவ்வும். பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிசாக் டயர்களில் ரப்பருக்குள்ளேயே நுண்துளைகள் வைத்திருப்பதும் இந்த நீரை உறிஞ்சுவதற்காகத்தான்.

இரண்டுக்கும் நடுவே இருப்பது ஆல் வெதர் எனப்படும் வகை. கிராஸ்கிளைமேட் 2, நோக்கியனின் டபிள்யூஆர் வரிசை, டோயோ செல்சியஸ், குட்இயர் வெதர்ரெடி ஆகியவை இதைச் சேர்ந்தவை. மலைச் சின்னமும் உண்டு, கோடையிலும் கழற்ற வேண்டியதில்லை. பனியில் இவை ஆல் சீசனைத் தெளிவாக விஞ்சுகின்றன. ஐஸில் வின்டர் டயருக்கு ஈடாவதில்லை. அடுக்குமாடியில் குடியிருந்து, இன்னொரு செட் டயரை வைக்க இடமில்லாமல், பெரும்பாலும் நகருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு இவற்றையே பரிந்துரைப்பேன். வாராவாரம் வடக்கே பயணம் செய்பவருக்குத் தனி ரிம்மில் பொருத்திய வின்டர் டயர்தான் சரி. இரண்டு செட் என்றால் செலவும் இரண்டு மடங்கு என்று தயங்குகிறார்கள். ஒரு செட் ஓடும்போது மற்றது தேயாமல் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்ராறியோவில் 2016 ஜனவரி முதல் வின்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தந்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

சட்டம் இந்த மாகாணத்தில் வின்டர் டயரைக் கட்டாயப்படுத்தவில்லை. கியூபெக்கில் பதிவான வண்டிகளுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச் சின்னமுள்ள டயர் கட்டாயம். மாண்ட்ரியலுக்குக் குடிபெயரும் எண்ணம் இருந்தால் இதை மறக்க வேண்டாம்.

எந்த டயரானாலும் நான்கையும் ஒரே வகையாகப் போடுங்கள். பின்னால் பழைய ஆல் சீசன், முன்னால் புதிய வின்டர் என்று போட்டால் பிரேக் மிதிக்கும்போது வண்டியின் பின்பக்கம் சுழன்றுகொண்டு முன்னே வரும். தேய்மானம் மாறுபட்டால் ஆல் வீல் டிரைவில் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் கெடும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கும்போதெல்லாம் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறைகிறது என்பதால், 20 டிகிரி கராஜில் 35 பிஎஸ்ஐ அடித்த டயர் மைனஸ் 15இல் 29க்கு வந்துவிடும். டிரெட்டை அளக்கக் கருவி இல்லையென்றால் 25 சென்ட் நாணயம் போதும்: கரிபூ மானின் மூக்கு கீழ்நோக்கி இருக்குமாறு வாய்க்காலில் செருகிப் பாருங்கள், மூக்கின் நுனி வெளியே தெரிந்தால் ஆழம் 4.8 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டது, அந்த டயரோடு இன்னொரு பனிக்காலத்தைத் தொடங்கக் கூடாது. முதல் பனி விழுந்த பிறகு கராஜ்களில் இடம் கிடைப்பது கடினம் என்பதால், அக்டோபர் முடிவதற்குள் நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள்.